சும்மா இடம்

சுபத்திராவுக்கு என்ன வேலை என்று அவளுடைய சொந்தக்காரர்களில் ஒருவருக்கும் இன்றுவரை விளங்கியதில்லை. கல்யாண வீட்டில் யாராவது வாயைப் பிடுங்கினால், “நாற்காலி அளக்கிறேன்” என்று சொல்லித் தப்பித்துக்கொள்வாள். படித்த பெண்ணுக்கு இப்படித் தச்சு வேலையா என்று இரக்கப்பட்டவர்களும் உண்டு. உண்மையில் அவள் அளந்தது நாற்காலியை அல்ல. ஒரு நாற்காலி உருவாகி முடிவதற்குள் எவ்வளவு புகை போனது, எவ்வளவு தண்ணீர் கெட்டது, எவ்வளவு மண் பாழானது என்பதைத்தான் அளந்தாள். அந்தக் கணக்குக்குச் சுவடு என்று பெயர். ஐரோப்பாவில் நாற்காலி வாங்குகிறவன் சுவடு கேட்கிறான். மலேசியாவின் தெப்ராவில் நாற்காலி செய்கிறவன் சுவடு கொடுத்தாக வேண்டும். நடுவில் உட்கார்ந்து அளந்து கொடுக்க ஒரு சின்னக் கம்பெனி, அதில் சுபத்திரா.

நாற்காலி என்றால் ஆபீஸ் நாற்காலி. கீழே அலுமினியக் கால், மேலே பஞ்சு, அதற்கு மேலே சாயம் போட்ட துணி. இதில் எதையும் தெப்ராவ் தொழிற்சாலை தானே செய்வதில்லை. எல்லாம் வெளியிலிருந்து வருகிறது, வந்ததை முடுக்கி நிமிர்த்துவது மட்டும்தான் அங்கே வேலை. காலைக் கொண்டுவந்து கொடுப்பவனிடம் “இதை எங்கேயப்பா உருக்கி வார்த்தார்கள்?” என்று கேட்டால் பல்லைக் காட்டுவான். துணிக்காரனிடம் சாயம் தோய்த்த இடத்தைக் கேட்டால் தொழில் ரகசியம் என்பான். மின்னஞ்சல் போட்டால் கிணற்றில் போட்ட கல்தான்.

மனிதர்கள் மழுப்பலாம், கணினி மழுப்பாது. புகை எந்த இடத்தில் வெளியானது என்று வரைபடத்தில் புள்ளி வைக்காமல் அது கணக்கை ஓட்டவே ஓட்டாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சுபத்திரா இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். ஜொகூர் வரைபடத்தில், செனாய் ஊரைத் தாண்டி வடக்கே, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டுக்கு நடுவில் ஒரு பச்சைத் திட்டு. மருந்துக்குக்கூட ஒரு கூரை தெரியவில்லை. யாருக்கும் தொந்தரவில்லாத இடம் என்று அங்கே புள்ளி வைத்தாள். ஊர் பேர் தெரியாத உலை, சாயப்பட்டறை, பஞ்சு ஆலை எல்லாவற்றின் புகையும் கழிவும் கணக்கில் அங்கே போய்ச் சேர்ந்தன. அலுவலகத்தில் அதற்குச் ‘சும்மா இடம்’ என்று பெயரே வந்துவிட்டது. முகவரி கிடைக்காத எதற்கும், “சும்மாவில் போடு” என்பார் முதலாளி தேவானந்தன்.

இப்படியே மூன்று வருடம் ஓடியது. போன மாதம் ஐரோப்பாவிலிருந்து ஒரு புதிய ஆள் கணக்கைச் சரிபார்க்க வந்து சேர்ந்தான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கிற ஆள். ஜொகூரிலேயே அதிகப் புகை கக்கும் இடம் செனாய்க்கு வடக்கே இருக்கிறதே, அதன் படம் எங்கே என்று கேட்டுவிட்டான்.

“போய் நாலு மரத்தைப் படம் எடுத்துட்டு வாங்க சுபா” என்றார் தேவானந்தன். “அது டெம்பரரி புள்ளி, அங்க ஒண்ணும் இல்லன்னு எழுதி அனுப்பிடலாம். முடிஞ்சிச்சி லா.”

சுபத்திராவும் சரி என்று கிளம்பினாள். நல்ல வெயில். கைப்பேசி வழி காட்ட, தார்ச்சாலை முடிந்து செம்மண் பாதையில் கார் இறங்கியது. இரண்டு பக்கமும் செம்பனை வரிசை வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில், பலாவும் ரம்புத்தானும் கவிந்து கிடந்த ஓர் இடத்தில், வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்றது கைப்பேசி. மரங்களுக்கு அடியில் ஒரு பலகை வீடு இருந்தது. பக்கத்தில் ஆட்டுக்கொட்டகை.

அவளுக்குச் சுருக்கென்றது. வானத்திலிருந்து எடுத்த படத்தில் மரத்தின் தலைதானே தெரியும், அடியில் யார் இருக்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? அதோடு இன்னொன்றையும் கவனித்தாள். வேலிக்கு வெளியே செம்பனை ஓலைகள் கழுவி விட்டது போலப் பளபளத்தன. வேலிக்கு உள்ளே ஒவ்வோர் இலையிலும் சாம்பல் படிந்திருந்தது. யாரோ கோடு கிழித்து, இதற்கு மேல் போகாதே என்று சாம்பலுக்குச் சொல்லி வைத்த மாதிரி அந்த எல்லை அவ்வளவு துல்லியமாக இருந்தது.

“ஆடு பாக்க வந்தீங்களா தங்கச்சி?”

கேட்டுக்கொண்டே வந்த அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். காதர் பீவி என்று பெயர். பக்ரீத் குர்பானுக்கும் பிள்ளை பிறந்த வீட்டு விருந்துக்கும் ஆடு வளர்த்துக் கொடுக்கும் குடும்பம். ஆனால், ஆடு கேட்டு இப்போதெல்லாம் யாரும் வருவதில்லை என்றாள். வந்தவர்களும் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போய்விடுகிறார்களாம்.

“படம் எடுக்க வந்தேன் அக்கா, சர்வே வேல” என்று சுபத்திரா இழுத்தாள். அதற்குள் காதர் பீவி அவளை நிழலில் உட்கார வைத்துவிட்டாள். பேச ஆள் கிடைக்காமல் ஏங்கிப் போயிருந்தவள் போலப் பேசினாள். வீட்டு வாசலில் சாய்வு நாற்காலியில் அவள் கணவர் ஆதம் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சுக்குள் ஏதோ உருண்டது.

“டாக்டர் என்ன கேட்டாரு தெரியுமா? நீ அலுமினியம் உருக்கற எடத்துல வேல செஞ்சியான்னு கேட்டாரு. இவரு வாழ்க்கையில பாக்டரி வாசல மிதிச்சதில்ல. ஆடு, ஆடு, ஆடு. வேற என்ன தெரியும் இவருக்கு?” என்றாள். “ஆளுங்க வந்து காத்தெல்லாம் டெஸ்ட் பண்ணாங்க. சுத்து வட்டாரத்துல ஒரு பாக்டரியும் இல்ல, நீங்கதான் குப்பையக் கொளுத்துறீங்கன்னு சொல்லிட்டுப் போய்ட்டாங்க. பாருங்க, தொழுவுற துணி.”

கொடியில் தொங்கிய வெள்ளைத் துணி சாம்பல் நிறமாகியிருந்தது. வெயிலுக்குத் தண்ணீர் கேட்கலாமா என்று சுபத்திரா கிணற்றடியைப் பார்த்தாள். வாளியில் இருந்த தண்ணீர் மயில்கழுத்து நீலமாக இருந்தது.

“அதக் குடிக்காதீங்க. கடையில வாங்கி வெச்சிருக்கேன்” என்று காதர் பீவி எழுந்தாள். “கெணறு வருஷத்துக்கு ஒரு கலர் காட்டுது. மொத வருஷம் மெரூன். ரத்தம்னு நெனச்சி நான் மயக்கம் போட்டுட்டேன். அடுத்த வருஷம் பாசி மாரி ஒரு பச்ச. இந்த வருஷம் நீலம். ஆட்டுக் குட்டிங்க நாக்கெல்லாம் நீலம்.”

மெரூன், பாசிப்பச்சை, மயில்கழுத்து நீலம். சுபத்திராவுக்கு அந்த வரிசை மனப்பாடம். தெப்ராவ் தொழிற்சாலை ஒவ்வொரு வருடமும் நாற்காலித் துணிக்குத் தேர்ந்தெடுத்த நிறங்கள் அவை. ஒவ்வொன்றையும் அவளே கணக்கில் ஏற்றியிருந்தாள். சாயம் தோய்த்த இடம் தெரியாததால் அவற்றின் கழிவுநீரை எங்கே போட்டாள் என்பதும் அவளுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது.

தற்செயல் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். படித்தவர்களுக்கு இந்த ஒரு வார்த்தை எப்போதும் கை கொடுக்கும். இரண்டாம் முறை சொல்லும்போது கைப்பேசி அடித்தது. தேவானந்தன்.

“எப்படி இருக்கு நம்ம சும்மா இடம்? படம் எடுத்தாச்சா?” என்றார் உற்சாகமாக. “பெரிய ஆர்டர் வந்திருக்கு சுபா, டபுள். நம்பர இப்பத்தான் ஏத்துனேன். நீங்க வந்ததும் ஒரு தடவ செக் பண்ணிடுங்க.”

அவர் பேசி முடிக்கவில்லை, கொட்டகையில் ஆடுகள் அசைபோடுவதை நிறுத்தின. அத்தனையும் ஒரே நேரத்தில் நிறுத்தின. அந்த அமைதிக்குப் பின்னால் நாற்றம் வந்தது. எந்தப் பக்கத்திலிருந்தும் அது காற்றோடு அடித்து வரவில்லை. பானையில் தண்ணீர் ஊறுவது போல, இருந்த இடத்திலேயே ஊறி நிரம்பியது. உருகும் உலோகமும் கருகும் பஞ்சும் கலந்த நாற்றம். தலைக்கு மேலே வானம் துடைத்து வைத்த மாதிரி நீலமாக இருக்க, அதிலிருந்து சாம்பல் பூ பூவாக இறங்கியது. ஆதம் நாற்காலியிலிருந்து முன்னால் சரிந்து, வாயைத் திறந்து, மூச்சுக் கிடைக்காமல் கையை ஆட்டினார். காதர் பீவி “யா அல்லா” என்று ஓடினாள்.

“எடுங்க!” என்று சுபத்திரா கைப்பேசிக்குள் கத்தினாள். “இப்ப ஏத்துன நம்பர எடுங்க!”

“ஏன்? என்னாச்சி?”

“எடுங்க சார், தயவு செஞ்சி எடுங்க!”

தேவானந்தன் முணுமுணுத்துக்கொண்டே ஏதோ தட்டினார். சாம்பல் நின்றது. ஆதமுக்கு மூச்சு உள்ளே இறங்கியது. ஓர் ஆடு தும்மியது, பிறகு எல்லாம் தும்மின.

கணவரின் முகத்தைத் துடைத்துவிட்டு காதர் பீவி திரும்பி வந்தாள். அவள் காதில் எல்லாம் விழுந்திருந்தது. “என்னா எடுக்கச் சொன்னீங்க?” என்று கேட்டாள். குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் சுபத்திராவை உலுக்கியது. மறைக்கத் தெம்பில்லாமல் வரைபடத்தைத் திறந்து புள்ளியைக் காட்டினாள். யார் செய்தது என்று தெரியாத புகைக்கெல்லாம் ஓர் இடம் தேவைப்பட்டதையும், இந்தப் பச்சையில் புள்ளி வைத்ததையும் திக்கித் திக்கிச் சொன்னாள்.

“இங்க யாரும் இல்லன்னு நெனச்சிட்டேன் அக்கா.”

“இருக்கோமே” என்றாள் காதர் பீவி.

பக்கத்தில் நின்ற ஆட்டின் மேல் படிந்த சாம்பலை அந்த அம்மா தன் முந்தானையால் தட்டிவிட்டாள். “யாரோட பொக இது?”

“அதுதான் தெரியல அக்கா.”

“தெரியாததெல்லாம் எங்க வீட்லயா வைப்பீங்க?” இப்போதுதான் அவள் குரல் உடைந்தது. “உங்க சாமான எடுத்துட்டுப் போங்க. இன்னிக்கே எடுத்துட்டுப் போங்க. இன்னொரு தரம் இப்படி வந்தா இவரு தாங்க மாட்டாரு.”

சுபத்திரா ஒரு படமும் எடுக்கவில்லை. அலுவலகத்துக்கு எப்படி வண்டி ஓட்டி வந்தாள் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. வந்த வேகத்தில் கணினியைத் திறந்து சும்மா இடத்தை அழிக்கப் பார்த்தாள். அது அழிய மறுத்தது. இந்தச் சுமைக்கு வேறு இடம் காட்டு, காட்டினால்தான் விடுவேன் என்றது. ஐரோப்பாவைக் காட்டினாள், நாற்காலியில் உட்காரப் போகிறவன் தலையிலேயே விடியட்டும் என்று. செல்லாது என்றது. கணக்கின் எல்லை ஜொகூர் துறைமுகத்தோடு முடிந்துவிடுகிறது. கப்பல் ஏறும்போது நாற்காலி மட்டும்தான் ஏறும், புகை இறங்கிக்கொள்ளும்.

அந்தச் சாயங்காலம் முழுக்க அவள் ஜொகூரில் ஆளில்லாத இடம் தேடினாள். பச்சையாகத் தெரிந்த ஒவ்வொரு திட்டையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒன்றில் ஒராங் அஸ்லி பழங்குடிகள் வாழும் கம்பம். ஒன்றில் டுரியான் பழத்தோட்டக் காவல் குடிசை. ஒன்றில் ஒரு முனியாண்டி கோயிலும் அதன் வாசலில் ஒரு மோட்டார் சைக்கிளும். கடலில் வைக்கலாம் என்றால் அங்கேயும் மீன் பிடிக்கிறவன் கழி நட்டுப் பலகை போட்டிருந்தான். ஒருவருமே தெரியாத இடங்களும் இருந்தன. ஆனால் மரத்தடியில் என்ன இருக்கும் என்று அவளுக்கு இப்போது தெரிந்துவிட்டதே, எப்படி வைப்பாள்?

தேவானந்தன் அவளை மேலும் கீழும் பார்த்தார். “வெயில்ல போய்ட்டு வந்திருக்கீங்க. அது வெறும் நம்பர் சுபா. நம்பர் யாரையாச்சும் இரும வைக்குமா? ரிப்போர்ட் இந்த வாரம் போயாகணும்.”

அவள் மடிக்கணினியை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

வீடு தம்போய்ப் பகுதியில், வரிசை வீடுகளில் ஒன்று. கணவன் சிறீகாந்தன் சிங்கப்பூரில் வேலை செய்கிறவன். தினமும் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து போய் வருவதால் உலகத்துப் புகையெல்லாம் தனக்குப் பழக்கம் என்று பெருமையடித்துக்கொள்வான். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

“அவ்வளவுதானே? நம்ம வீட்டப் போடு. பின்னாடி ஸ்டோர்ல எடம் சும்மாதான் கெடக்கு.”

“விளையாடாதீங்க சிறீ.”

“நெசமாதான் சொல்றேன். ஒண்ணும் வரலன்னா உன் பயம் போயிடும். வந்தா பாத்துக்கலாம்.”

அவளுக்கு நம்பிக்கையும் இல்லை, வேறு வழியும் இல்லை. கண் முன்னால் ஆதம் கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். தன் வீட்டு முகவரியை அடித்து, பொத்தானைத் தட்டினாள். கணினி முதல் முறையாக மறுப்புச் சொல்லாமல் ஏற்றுக்கொண்டது.

காலையில் குளியலறையிலிருந்து சிறீகாந்தன் கூப்பிட்டான். தலையில் ஊற்றிய தண்ணீர் மயில்கழுத்து நீலமாக இறங்கி, அவன் காலைச் சுற்றித் தேங்கி நின்றது. முதல் நாள் அதற்கும் சிரித்தான். கண்ணன் வேஷத்துக்குச் சாயம் பூசின மாதிரி இருக்கு என்றான். பிறகு சிரிப்புக் குறைந்தது. மூடி வைத்த சோற்றில் பஞ்சுத் தூள் படிந்தது. பூட்டிய அலமாரியைத் திறந்தால் உள்ளேயிருந்து உலை நாற்றம் வந்தது. கொடியில் போட்ட அவனுடைய வெள்ளைச் சட்டை சாம்பல் நிறமாகித் தொங்கியது, ஒரு கை தூரத்தில் பக்கத்து வீட்டுக் கொடியில் போர்வை பால் போல வெளுத்துக் காய்ந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு நாற்றமும் தெரியவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் மட்டும் அது கட்டுப்பட்டு நின்றது, வளர்த்த நாய் மாதிரி.

இடையில், சுபத்திரா கொடுத்துவிட்டு வந்த எண்ணில் காதர் பீவி அழைத்தாள். “தங்கச்சி, கெணத்துத் தண்ணி தெளிஞ்சிரிச்சி! இவரு காலையில தானே எழுந்து கொட்டாய்க்குப் போனாரு. நீங்க நல்லா இருக்கணும். அல்லா உங்க வீட்டுக்கு பரக்கத் தரணும்.” சுபத்திரா சந்தோஷம் அக்கா என்றாள். உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். அந்த நேரம் பார்த்து உள்ளறையில் சிறீகாந்தன் இரும ஆரம்பித்தான், நிறுத்தவே முடியவில்லை. கழுவு தொட்டியில் அவன் துப்பியதைப் பார்த்தபோது அது கறுப்பாக இருந்தது.

“அந்த அம்மா வீட்டுக்கே திருப்பி அனுப்பிடு” என்றான் அவன், மூச்சு வாங்க.

“ஆதம் அண்ணன் இன்னிக்குத்தான் எழுந்து நடந்தாராம்.”

குழாயைத் திறந்து தொட்டியைக் கழுவிவிட்டான். தப்பான ஆள் இல்லை சிறீகாந்தன், பயந்துபோன ஆள். “அப்ப இது யாருதுன்னு கண்டுபிடி சுபா” என்றான். “சீக்கிரம் கண்டுபிடி.”

மூன்று வருடமாகக் கிடைக்காத முகவரி, தன் வீட்டில் இருமல் கேட்டதும் எப்படிக் கிடைத்தது என்று நினைத்துச் சுபத்திராவுக்கு வெட்கமாக இருந்தது. ஒரு மந்திரமும் இல்லை. அலுமினியக் காலைத் தீட்டிக் கொடுக்கிறவனுடைய வாசலுக்கு எதிரே காரை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்தாள். வார்த்த கால்களை இறக்கிவிட்டு ஒரு லாரி வெளியே வந்ததும் பின்னாலேயே போனாள். அவ்வளவுதான் வேலை. யாரும் செய்யவில்லை என்பதுதான் விஷயம்.

லாரி செனாயில், பெரிய தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு சந்தில் நுழைந்தது. கடைசியில் ஒரு தகரக் கொட்டகை, அதை ஒட்டியே ஒரு புது வீடு. கொட்டகைக்குள் பழைய அலுமினியம் மலை மாதிரிக் குவிந்திருக்க, உலை முழு வேகத்தில் எரிந்துகொண்டிருந்தது. சுபத்திரா வழக்கம் போல மூக்கை மூடிக்கொண்டு இறங்கினாள். பிறகு மெல்லக் கையை எடுத்தாள்.

ஒரு நாற்றமும் இல்லை. மல்லிகை வாசம்தான் வந்தது.

புகைக்கூண்டிலிருந்து வெறும் வெப்பம் மட்டும் நெளிந்து மேலே போனது. உலையில் கசடு அள்ளிய ஆட்கள் முகமூடிகூடப் போடாமல் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கழிவு ஓடும் வாய்க்காலில் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்திருந்தது, அதில் சின்ன மீன்கள் ஓடின. வாசல் பந்தலில் மல்லிகை பூத்துக் கொட்டியது. உலையிலிருந்து பத்தடி தள்ளித் திண்ணமாக ஒரு தொட்டில் கட்டியிருந்தார்கள். இவ்வளவு சுத்தமான ஓர் இடத்தைச் சுபத்திரா தன் வேலையில் பார்த்ததே இல்லை. ஆதமின் நெஞ்சில் உருண்டது எங்கேயிருந்து கிளம்பிப் போனது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

“அதிசயமா பாக்குறீங்களா? எல்லாரும் அப்படித்தான் பாப்பாங்க” என்று சொல்லிக்கொண்டே வந்தார் உலைக்குச் சொந்தக்காரர். மணியம் என்றார் பெயர். நெற்றி நிறைய விபூதி. “மூணு வருஷத்துக்கு முன்னாடி இங்க நிக்க முடியாது தங்கச்சி. சந்துல உள்ளவங்கள்லாம் கையெழுத்துப் போட்டு என்னை வெரட்டப் பாத்தாங்க. தைப்பூசத்துக்குப் பால் குடம் எடுத்தேன், முருகா நீதான் பாக்கணும்னு அழுதேன். கொஞ்ச நாள்ல ஒரு காலையில பொக நின்னுரிச்சி. மெஷின் அதே மெஷின்தான். அவன் கருண. அதுக்கப்புறம்தான் இங்கேயே வீடு கட்டுனேன். மக லோஷினி பிரசவத்துக்கு வந்திருக்கா. பேத்தி பொறந்து மாசம்கூட ஆகல. டவுன் வீட்ட விட இங்க காத்து நல்லாருக்குன்னு அவதான் இங்க தங்கிட்டா.”

சாமி கொடுத்தது என்று நம்புகிறவரிடம் போய் என்னவென்று சொல்வது? ஆனாலும் சொன்னாள். பந்தலுக்கு அடியில் மடிக்கணினியைத் திறந்து வைத்து, புள்ளியைப் பற்றியும், காதர் பீவியைப் பற்றியும், தன் வீட்டைப் பற்றியும் ஒன்று விடாமல் சொன்னாள். மணியம் முதலில் சிரித்தார், அப்புறம் கோபப்பட்டார். எதிர்த்த கம்பெனிக்காரன் அனுப்பிய ஆள் என்றார். சுபத்திரா தன் கைப்பையைத் திறந்து, சிறீகாந்தனின் சட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். யாராவது நம்ப மறுத்தால் காட்டலாம் என்று காலையில் எடுத்து வைத்தது.

மணியம் அதை மூக்கருகே கொண்டுபோனார். அவர் முகம் மாறியது. தன் உலை நாற்றம் அவருக்குத் தெரியாதா? முப்பது வருடம் அதற்குள் நின்றவர்.

“அந்த ஆட்டுக்காரரு எப்படி இருக்காரு?” என்று கேட்டார்.

“இப்பத்தான் எழுந்து நடக்கிறாரு.”

சட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். “எனக்கு ஒரு வாரம் குடுங்க தங்கச்சி. பிள்ளையையும் பேத்தியையும் அனுப்பிடுறேன். பச்ச ஒடம்புக்காரி. ஒரே ஒரு வாரம்.”

சுபத்திரா கொடுத்திருப்பாள். நல்ல மனிதர், தொட்டில், கைக்குழந்தை, யாருக்குத்தான் மனம் வரும்? ஆனால் கறுப்பாகத் துப்பிக்கொண்டு வீட்டில் ஒருவன் காத்திருக்கிறான். இந்த ஒரு வாரம் அவன் நெஞ்சிலிருந்துதான் போகும். இல்லையென்றால் ஆதம் நெஞ்சிலிருந்து. மிச்சம் வேறு இருந்தது: சாயக்காரன், பஞ்சுக்காரன், இன்னும் பேர் தெரியாத எத்தனையோ பேர். அவர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு நல்ல காரணம் இருக்கும். அவர்கள் வீட்டிலும் தொட்டில் இருக்கும். தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

“என்னால முடியாது அண்ணே” என்றாள். “மன்னிச்சிடுங்க.” அந்தச் சந்தின் முகவரியை அடித்தாள். அலுமினியத்தின் பங்கை மட்டும் தன் வீட்டிலிருந்து எடுத்து இங்கே வைத்தாள்.

முதலில் வாய்க்காலில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தன. மல்லிகைப் பந்தலில் இலைக்கு இலை சாம்பல் பரவியது. புகைக்கூண்டு ஒரு முறை செருமியது, பிறகு மூன்று வருடம் அடக்கி வைத்த மாதிரிக் கறுப்பைக் கக்கியது. உள்ளே சிரித்துக்கொண்டிருந்த ஆட்கள் சட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தார்கள். மணியம் அசையவில்லை. நிமிர்ந்து புகையையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டுவார், அடிக்கக்கூட வருவார் என்று சுபத்திரா எதிர்பார்த்தாள். அவர் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை.

வீட்டுக் கதவு திறந்தது. ஒரு பெண் பச்சைக் குழந்தையைத் துண்டோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். குழந்தை வீறிட்டு அழுதது.

“அப்பா! என்ன நாத்தம் இது? யாரு வீட்லேர்ந்து வருது?”

மணியம் பதில் சொல்ல வாயெடுத்தார். இருமல் முந்திக்கொண்டது.

“நம்ம வீட்டுதுதாம்மா” என்றார். சொல்லிவிட்டு உலையை அணைக்க உள்ளே ஓடினார்.